அப்பாச்சி மலையின் ஓடைத்தடம்

எங்கள் பக்கம் அப்பாச்சி என்றால் பைக். பொம்மிடியிலிருந்து பென்னாகரம் வரை எந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் பார்த்தாலும் நாலு அப்பாச்சி நிற்கும். அதில் ஒன்று மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் டீம் லீடர் வந்து, "அடுத்த ப்ராஜெக்ட் அப்பாச்சி லேண்டுங்க" என்றபோது, ஏதோ பைக் ஷோரூம் வேலை வந்திருக்கிறது என்றுதான் பன்னிரண்டு பேரும் நினைத்தோம். அப்பாச்சி என்பது அமெரிக்காவின் பூர்வகுடி மக்களின் பெயர் என்று எனக்குத் தெரியும். புவியியலில் முதுகலை படித்தவள் நான். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கும் பைக்தான் ஞாபகம் வந்தது. படிப்பும் சில சொந்தக்காரர்கள் மாதிரிதான். வேண்டும் என்கிறபோது வராது. வேண்டாத நேரத்தில் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் படிப்பு அப்படி இன்னொருவருடைய பிழைப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே விற்பதும் டைல்ஸ், மேலே நாங்கள் பார்ப்பதும் டைல்ஸ். செயற்கைக்கோள் எடுத்த படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்புவார்கள். ஒரு சதுரத்துக்குப் பெயர் டைல். அதில் வீடு இருந்தால் வீட்டைச் சுற்றி மஞ்சள் கோடு, மரம் இருந்தால் பச்சை, தண்ணீர் ஓடுகிற இடமென்றால் நீலம், பாதை என்றால் சிவப்பு. மவுஸைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கோடு போட வேண்டும். ஐம்பது டைல் சேர்ந்தால் ஒரு பேட்ச். படம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, எதற்காக என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியலுங்க" என்பார் டீம் லீடர். சேலத்துக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் சொல்வதுதான் அங்கே சட்டம். நான் கோடு போடுகிறவள் இல்லை, ரிவ்யூ செய்கிறவள். மற்றவர்கள் போட்டதைப் பார்த்து, சரியென்றால் அனுப்ப வேண்டும், தப்பென்றால் ரிஜெக்ட். கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்று நம்பிப் படித்த படிப்புக்குக் கடைசியில் கிடைத்தது அந்த ரிஜெக்ட் பொத்தான்.

அந்த மலைத்தொடருக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் போகிற போக்கில் வைத்தது போலத்தான் தெரிகிறது. அங்கேயே பிறந்து வளர்கிறவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்கு வந்த எந்தத் தாளிலும் இல்லை. மதிய இடைவேளையில் என் போனில் தேடிப் பார்த்தேன். பக்கத்து மலைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இதற்கு நீளம், உயரம், கூட இரண்டு வரி. பாலைவனத்தில் பெயர் பெறாத ஒரு மலை, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் அது அப்பாச்சி மலை ஆகிவிட்டது. "அப்பாச்சி பேட்ச் யாருது?" "அப்பாச்சில ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று கேலி வேறு.

நான் அந்த மலையை மேலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் பார்த்தேன். நான் பிறந்த ஊரின் கரட்டுக் குன்றைக்கூட அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் படுத்திருக்கிறது அது. சுற்றிலும் சமவெளி, சமவெளிக்கு அப்பால் இன்னொரு மலை, அதற்கப்பால் இன்னொன்று. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைப்போல அவையும் கை கோத்து நிற்பதில்லை, தனித்தனியாகத்தான் நிற்கின்றன. மலை உதிர்த்த கல்லும் சரளையும் ஒவ்வொரு பள்ளத்து வாயிலும் முறத்தில் கொட்டிய தானியம்போல விரிந்து கிடக்கின்றன. தெற்குப் பார்த்த சரிவில் ஒற்றைத் தூணாக நிற்கிற பெரிய கள்ளிகள். படத்தில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரு குச்சி நிழல். அந்த நிழல் எந்த மாதத்துப் படத்திலும் வடக்குப் பக்கம்தான் விழும். நம் ஊரில் சித்திரைக்குப் பிறகு சில மாதம் உச்சி நிழல் தெற்கே சாய்கிறதே, அது அங்கே கிடையாது. சூரியன் அவர்கள் தலைக்கு மேல் வருவதே இல்லை. மேலே ஏற ஏறக் கள்ளி குறைந்து குட்டை மரங்கள், அதற்கும் மேலே கருவாலி என்கிற ஓக், முகட்டில் மட்டும் கொஞ்சம் பைன். வடக்குச் சரிவு எப்போதும் ஒரு பிடி கூடுதலாகப் பச்சை.

மழை அங்கே இரண்டு தடவை. குளிர்காலத்தில் சன்னமாக ஒன்று, கோடையின் பின்பாதியில் இடியோடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வானம் வெறுமனே கிடக்கும். தென்மேற்கும் வடகிழக்கும் பாதி நாள் ஏமாற்றுகிற தருமபுரிக்காரிக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. மலையில் ஆறு கிடையாது. ஓடைகள்தான், எண்ண முடியாத அளவுக்கு. எல்லாம் மணல். மேகம் உடைந்தால் ஒரு மணி நேரம் கரை புரளும், மறுநாள் மணல் காய்ந்துவிடும். அங்கங்கே மாட்டுக்குத் தண்ணீர் நிற்க வெட்டிய குட்டைகள், அவற்றின் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒன்றிரண்டு வீடுகள். மலையின் கிழக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்க்கோடு. அதுதான் அப்பாச்சி மக்களுக்கு விட்டுவைத்த நிலத்தின் எல்லை. மலை வளைந்துதான் போகிறது, ஓடை வளைந்துதான் போகிறது. அரசாங்கம் மட்டும் எங்கே போனாலும் நேராகப் போகும்.

முதல் வாரம் எல்லோரும் திணறினோம். அந்த மாதிரிப் படங்களில் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுவதால் கண் ஏமாந்துவிடும். மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். முகட்டின் மேலேயே ஓடை வரைந்து வைத்தார்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரியில் படித்தது உருப்படியாக உதவிய இடம் அது ஒன்றுதான்.

திருப்பிப் பார்க்காமலே சரியாகப் போட்டவர் ஒருவர் இருந்தார். பென்னாகரத்து அக்கா. பென்னாகரம் டவுன் இல்லை. அங்கிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போக வேண்டும். நாற்பது வயது இருக்கும். பிளஸ் டூ முடித்தவர். பிறந்த வீட்டில் ஆடு வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆகிறவரை காட்டில் ஆடு ஓட்டியிருக்கிறார். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. கிராமத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி என்று ஒரு திட்டம் வந்ததில் சேர்ந்து, படித்து, எங்களிடம் வந்தவர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று பேட்ச் ரிஜெக்ட் ஆனால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அவருக்கு அப்போது ஐந்தாவது மாதம், அதுவரை ஒரு ரிஜெக்ட்கூட இல்லை. அவருடைய மகள் அந்த வருஷம் பிளஸ் டூ. "பாப்பா என்னைய கேக்கறா மேடம், அமெரிக்கா எப்படிம்மா இருக்குதுன்னு. நம்ம ஊரு மாதிரிதான் கண்ணு காஞ்சி கெடக்குதுன்னேன். நம்ப மாட்டேங்கறா" என்று சிரிப்பார். தன்னைவிட வயதில் சின்னவளான என்னை மேடம் என்பார். நான் அவரை அக்கா என்பேன். அந்த மேடத்தை வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

"படத்த திருப்பாமயே மேடு பள்ளம் எப்படிக்கா தெரியுது உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பச்ச எங்க தடிப்பா இருக்குதோ அது பள்ளமுங்க மேடம். வெயில் எப்படி அடிச்சா என்னங்க, மரம் ஈரத்த வுட்டுட்டு மேட்டுல போயி நிக்குமா?"

அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் கெட்டிக்காரர் என்று டீம் லீடரிடமே சொன்னேன். பொறாமை எல்லாம் அப்புறம் வந்தது.

அடிவாரத்து டைல்கள் வந்தபோதுதான் தகராறு. அவர் அனுப்பிய பேட்சைத் திறந்து பார்க்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிற பெரிய மணல் ஓடைகளில் பாதிக்குமேல் சிவப்புக் கோடு. ஓடை நடுவே, மணலின் மேலேயே. நீலத்துக்குப் பதில் சிவப்பு. அவர் நாற்காலிக்குப் போய், "அக்கா, இது ஓடைங்க. நீலம் போடணும்" என்றேன்.

"ஓடதானுங்க மேடம். ஆனா தடமுங்க."

"ஓடைன்னா ஓடை, தடம்னா தடம். ரெண்டும் எப்படிக்கா ஒண்ணாகும்?"

"எங்கூருல ஒண்ணுதானுங்க. தண்ணி வந்தா ஓட, வராதப்ப தடம்."

இது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் வழி கேட்டால் பாதிப் பேர் "ஓடையப் புடிச்சிப் போங்க" என்றுதான் சொல்வார்கள். ஆடு மாடு போவது ஓடையில், டிராக்டர் போவது ஓடையில், சில ஊரில் பிணம் போவதும் ஓடையில். நானே எட்டாம் வகுப்பு வரை ஓடையில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் அன்றைக்கு லீவு. இவ்வளவும் தெரிந்தவள், கையிலிருந்த விதித்தாளைக் காட்டினேன். நீர்வழிக்குள் வருகிற எந்தக் கோடும் நீர்வழியாகவே குறிக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. வெள்ளைக்கார ஊரில், ஓடையில் நடந்தே பழகாத எவரோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அது எனக்கு வேத வாக்கு.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனில் ஓரிடத்தைப் பெரிதாக்கினார்.

"இங்க பாருங்க மேடம். இந்த எடத்துல ஓட குறுகிப்போயி பாறை அடைச்சிக்குது. கோடு என்னா பண்ணுது? கரமேல ஏறி, பாறைய சுத்திக்கிட்டு, மறுபடி ஓடையில எறங்குது. தண்ணி மேடேறுமுங்களா?"

கேலியாகச் சொல்லவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவர்போலத்தான் கேட்டார். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்த வரிசைக்குப் போயிற்று. "தண்ணி மேடேறுமான்னு முதுகலைல சொல்லித் தரலைங்களா மேம்?" என்று யாரோ கேட்டார்கள். ஆபீஸே சிரித்தது, டீம் லீடர் உட்பட. என் காது சுட்டது. இப்போது எழுதும்போதுகூட அந்தச் சூடு தெரிகிறது.

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மெல்லிய வெளிர்க்கோடு ஒன்று கரையேறி, பாறையைச் சுற்றி, மறுபுறம் இறங்கியது. வண்டி போய்ப் போய் விழுந்த தடம். ஏறுகிற இடத்தில் கல்லை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. யாரோ ஒரு மனிதர் இறங்கி, குனிந்து, அந்தக் கல்லைத் தள்ளி வைத்திருக்கிறார். சரியாகப் பத்து விநாடி பார்த்திருப்பேன். பிறகு, "விதி விதிதாங்க. நாம நெனச்சபடி எல்லாம் போட முடியாது" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து அந்த பேட்சை ரிஜெக்ட் செய்தேன்.

டீம் லீடரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கிளையன்டுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கலாம். சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. நிரப்ப இரண்டு நிமிடம் ஆகும். நான் நிரப்பவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரே என்னைச் சொல்கிற மாதிரி இருந்தது. உதவும் என்று காட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். இதற்குமேல் கௌரவமான காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

இரண்டாவது பேட்சை ஏற்கெனவே முடித்து அனுப்பியிருந்தார், அதிலும் சிவப்பு. திருத்த நேரம் கேட்டார். "சப்மிட் ஆனது ஆனதுதாங்க்கா" என்றேன். ரிஜெக்ட். மூன்றாவதில் அக்கா பயந்துவிட்டார். ஓடை முழுக்க நான் சொன்னபடியே நீலம் போட்டிருந்தார். ஆனால் பாறையைச் சுற்றிக் கரையேறுகிற இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகச் சிவப்புத் துண்டு. தண்ணீர் போகாத இடத்துக்கு நீலம் போட அவருக்குக் கை வரவில்லை. விதியையும் மீறக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது என்று பார்த்திருக்கிறார். பாதை என்றால் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும், துண்டு துண்டாக நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அதன்படி அதையும் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் லீடர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா அழவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார், டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். என்னிடம் வந்து, "நான் சரியாத்தான் பாக்கறேன்னு நெனச்சிக்கிட்டேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்துகொண்டு அவர் படியிறங்கி பென்னாகரம் பஸ்ஸுக்கு நடந்தார். பாவம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை பார்த்தேன், முழங்காலும் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் வேறு என்னென்னவோ சொன்னேன். இதைச் சொல்லவில்லை. வேலையில் விதிப்படி நடந்துகொள்வது எந்தக் கட்டளையில் பாவம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து கிளையன்டிடமிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தை அந்த நிலத்து மக்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, எங்கள் வீடுகளுக்கும் மாட்டுக் குட்டைகளுக்கும் போகிற வழி எங்கே, எல்லாவற்றையும் ஓடை என்று போட்டிருக்கிறீர்களே, நாங்கள் வண்டி ஓட்டுவதே அந்த மணலில்தானே என்று கேட்டார்களாம். அந்த வரைபடம் எதற்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மலைக்குள் தூரந்தூரமாக இருக்கிற வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போவது என்று பார்ப்பதற்காம். ஓடைத் தடங்களை எல்லாம் மறுபடி பார்த்து, பாதையாகக் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். விதித்தாளையும் மாற்றியிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு டீம் லீடர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தண்ணி மேடேறுமா என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"அந்தக்காவ கூப்பிடலாமே" என்றேன்.

"அவங்க சீட்டுக்கு ஆள் போட்டாச்சுங்க மேம். ப்ராஜெக்டும் முடியப்போவுது. இப்ப அத கிளறினா, யாரு ரிஜெக்ட் பண்ணாங்கன்னு லாக்ல எடுப்பாங்க. உங்க ஐடிதான் வரும்." சற்று நிறுத்தி, "விதி தெளிவா இல்லைன்னு எழுதி அனுப்பிச்சிடறேன். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்.

போட்டேன்.

திருத்த வேலைக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். தள்ளிய பேட்ச்கள் அழிவதில்லை, தனி ஃபோல்டரில் கிடக்கும். அக்காவின் முதல் இரண்டு பேட்சை எடுத்துத் திறந்தேன். அவர் போட்ட கோடுகளை அப்படியே திரும்ப ஏற்றினேன். மூன்றாவதில் தடமாக இருந்த ஓடைகளைச் சிவப்பாக்கி அந்தத் துண்டுகளோடு சேர்த்தேன். வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வளைவும் சரியாக இருந்தது. மற்றவர்கள் போட்ட அடிவாரத்துக்கு அவர் கோட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து போட்டேன். கண் பழகப் பழகத் தெரிந்தது. தண்ணீர் போன மணல் வரிவரியாகக் கிடக்கும், வண்டி போன மணல் மொழுமொழுவென்று வெளுத்திருக்கும். பத்து நாள் வேலையை நாலு நாளில் முடித்தேன். கிளையன்டிடமிருந்து பாராட்டு வந்தது. நிலத்தை இவ்வளவு நுட்பமாகப் படிக்கிறவர் உங்களிடம் இருக்கிறாரே என்று எழுதியிருந்தார்கள். டீம் லீடர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். கைதட்டினார்கள். அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு சொல் உண்டு. நான் இரண்டையும் கெடுத்து, பரிசும் வாங்கினேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். செய்துவிட்டு நாலு மாதம் சும்மா இருந்தேன். போன் நம்பர் இருந்தது. இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொல்லக் கூடாது என்று ஒரு நியாயம், நேரில் போக லீவு இல்லை என்று இன்னொரு நியாயம். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமைதான் கிளம்பினேன். பென்னாகரத்தில் ஒரு வேலையாக வருகிறேன், பார்க்க முடியுமா என்று போனில் கேட்டதும், "நானே பஸ் ஸ்டாண்டுக்கு வரேனுங்க மேடம், நீங்க உள்ள வந்து அலைய வேணாம்" என்றார்.

எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. கறுத்திருந்தார். மறுபடி ஆடு வாங்கி விட்டிருப்பதாகச் சொன்னார். டீ வாங்கித் தந்தேன். குடித்துக்கொண்டே முதல் கேள்வியாக, "அந்த மல முடிஞ்சிதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுக்கா. அனுப்பிட்டோம்."

"எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க. பாப்பா எப்படிங்க்கா? காலேஜ் சேத்தாச்சா?"

"இல்லீங்க. மில்லுக்கு அனுப்பிட்டேன், கோயமுத்தூரு பக்கம். வேன் வந்துச்சி, ஊருல நாலு பொண்ணுங்க போனாங்க, கூட ஏத்தி வுட்டுட்டேன்." டீ டம்ளரின் அடியைப் பார்த்தபடியே சொன்னார். "மேப் படிக்கிறேன், அம்மா மாதிரி கம்ப்யூட்டர்ல போடறேன்னு ஒரே அடம். தருமபுரி காலேஜுல சீட்டும் வந்துச்சி. நாந்தான் வேணாம்னுட்டேன். காட்டுல திரிஞ்ச கண்ணு பாப்பா இது, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் தப்புத் தப்பாத்தான் தெரியும், நானே போயி அசிங்கப்பட்டு வந்தேன், நீ வேற எதுக்குன்னு சொன்னேன். அழுதா. அப்பறம் போயிட்டா."

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு கிளம்பிற்று. அது போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போட்டது சரிதான்க்கா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"அந்த ஓடைங்க. அது தடந்தானாம். அந்த ஊர்க்காரங்களே சொல்லிட்டாங்க. அதுலதான் வண்டி ஓட்டறாங்களாம். உங்க கோட்டைத்தான் திருப்பி ஏத்தி அனுப்பினோம். இப்ப மேப்புல இருக்கறது நீங்க போட்டதுதான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, சண்டைக்கு வருகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா மேடம்?"

மதிய வெயில். அக்கம்பக்கம் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன். "இப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் மூச்சை விட்டார். தெரியும் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோய் இருந்திருக்கிறார் என அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். பை நிறையச் சீத்தாப்பழம், எனக்கென்று காட்டில் பறித்துக்கொண்டு வந்தது.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீங்க அப்படி செஞ்சிருக்க மாட்டீங்க" என்றார்.